உறுமலுக்கு முன்னால்

“பயப்படாதீங்க, அவன் விளையாடத்தான் வர்றான்!” எந்த ஊர் நாய்ப் பூங்காவிலும் தினமும் காதில் விழுகிற வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதடி தள்ளி, ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் வெறும் சங்கிலியுமாக நிற்பார். அவருடைய நாய் அதற்குள் புல்வெளியைக் குறுக்கே கடந்து, அப்போதுதான் உள்ளே நுழைந்த ஓர் இளம் நாயின் மேல் போய் மோதியிருக்கும்.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். இளையவளுக்கு 9 மாதம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே வருகிறவன் 30 கிலோ தடியன். வளைந்து, பக்கவாட்டில் வருவதுதான் நாய்களுக்குள் மரியாதை. இவன் நேர்க்கோட்டில் வருகிறான், வந்த வேகத்திலேயே தாடையை அவள் தோள்மேல் வைத்து அழுத்துகிறான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நாக்கு நுனி வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகிறது. பிறகு, ஒன்றுமே இல்லாத தரையை மும்முரமாக மோந்து பார்க்கிறாள். தடியன் விடவில்லை. பின்பக்கம் போய் முதுகில் முன்னங்காலைத் தூக்கிப் போடுகிறான். அவள் உடம்பைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு, தன்னைக் கூட்டிவந்தவரின் கால்களுக்குப் பின்னால் போகிறாள். அவன் சுற்றிக்கொண்டு அங்கேயும் வருகிறான். இப்போது அவள் அசையாமல் விறைத்து நிற்கிறாள். வாய் இறுக மூடியிருக்கிறது, கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. ஓர் உறுமல். அடுத்த நொடி, காற்றில் பல்லோடு பல் மோதும் சத்தம்.

பூங்கா மொத்தமும் திரும்பிப் பார்ப்பது அந்தச் சத்தத்துக்குத்தான். “உங்க நாய் ரொம்பக் கோபக்காரி போல” என்று தடியனின் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார். இளையவளைக் கூட்டிவந்தவர் கூச்சத்தில் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்து அதட்டுகிறார். அத்தனை தடவை பணிவாகச் சொல்லிப் பார்த்தவளுக்கு, கடைசியில் குரலை உயர்த்தியதற்காகத் திட்டு விழுகிறது.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இந்த வரிசையை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டியிருக்கிறார். அடிப்படியில் கண் சிமிட்டல், கொட்டாவி, மூக்கை நக்குதல். அதற்கு மேல் தலையைத் திருப்புவது, உடம்பையே திருப்புவது, விலகி நடப்பது, காதைப் பின்னுக்கு மடக்கிப் பதுங்குவது, வாலை இடுக்குவது. இன்னும் மேலே விறைப்பு, உறுமல், காற்றில் கடி. உச்சியில்தான் நிஜக் கடி. இதில் நாய் வளர்ப்பவர் மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீழ்ப்படிகளில் நின்று சொன்னது பலிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அனுபவப்பட்ட நாய், அவற்றில் கால்வைப்பதையே விட்டுவிடும். அடுத்த தடவை நேராக உறுமலிலிருந்தே தொடங்கும். ‘திடீர்னு பாஞ்சிடுச்சு’ என்று சொல்லப்படும் நாய்களில் பல இப்படித் தயாரானவைதான்.

இந்தச் சின்னச் சைகைகளைப் பொதுமக்களிடம் பிரபலமாக்கியவர் நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரித் ருகாஸ். எதிராளியைச் சாந்தப்படுத்தத்தான் நாய்கள் இவற்றைக் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. நாயின் சொந்தப் பதற்றம் வெளியே கசிவதும் இதில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் மறுப்பார்கள். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் கியாரா மரிதி குழுவினர் நாய்களை ஒன்றோடொன்று சந்திக்க வைத்துப் படமெடுத்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாய் முறைத்த பிறகு மற்றது இத்தகைய சைகை காட்டிய தருணங்களில் பெரும்பாலானவற்றில் சண்டை மூளாமல் தணிந்திருந்தது. ஆக, காரணம் எதுவானாலும் எதிரே நிற்பவன் கவனித்தால் சைகை வேலை செய்கிறது. தடியனிடம் இல்லாதது அந்தக் கவனம்தான்.

அதற்காகத் தடியனை வில்லனாக்கிவிடக் கூடாது. அவனும் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுப் பையன்தான். குட்டியிலிருந்து யாரும் அவனை நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான். நாய்களின் விளையாட்டுக்கு இலக்கணம் இருக்கிறது, அது கொஞ்சம் கறாரானதும்கூட. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும் அந்த ‘விளையாட்டு வணக்கம்’ எல்லோருக்கும் தெரியும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்காஃப் நாய், ஓநாய், கொயோட்டி ஆகியவற்றின் விளையாட்டைப் படமெடுத்துச் சட்டம் சட்டமாகப் பார்த்தார். வணக்கம் எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. கடித்து உலுக்குவது போல, எதிராளி தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு செய்கைக்குச் சற்று முன்போ பின்போதான் அது அதிகம் வருகிறது என்று 1995-இல் எழுதினார். ‘இப்போ செய்யப்போறது விளையாட்டுக்கு’ என்ற முன்னறிவிப்பு, அல்லது ‘செஞ்சது விளையாட்டுக்கு’ என்ற சமாதானம்.

அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுணுக்கமானது. எதிராளி தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நாய் வணக்கம் வைக்கிறது. அவன் முகம் வேறு பக்கம் இருந்தால் முதலில் இலேசாக இடித்தோ, காலால் தட்டியோ, குரைத்தோ திரும்பவைக்கிறது. திரும்பிய பிறகுதான் அழைப்பு. இளையவள் முகத்தைத் திருப்பிய அந்த நொடியில் ஒழுங்கான விளையாட்டுக்காரன் நின்றிருப்பான், அல்லது வணக்கம் வைத்துக் காத்திருப்பான். தடியன் வணக்கமும் வைக்கவில்லை, அவள் பார்க்கிறாளா என்றும் பார்க்கவில்லை.

ஒருவன் மேலே, ஒருத்தி கீழே என்பதால் மட்டும் அது அடாவடி ஆகிவிடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிகா பாவரும் பார்பரா ஸ்மட்ஸும் 2007-இல் காட்டியது இதைத்தான். நல்ல ஜோடிகளில்கூட, சரிபாதி நேரம் நீ மேலே, சரிபாதி நேரம் நான் மேலே என்ற கணக்கெல்லாம் கிடையாது. எப்போதும் மல்லாந்து விழுவதையே விரும்பும் நாய்கள் இருக்கின்றன. அதே ஆய்வுக் கூடத்தில் கமீல் வார்டு தலைமையில் ஒரே ஈற்றுக் குட்டிகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. இரண்டு குட்டிகள் விளையாடும்போது மூன்றாவது குட்டி உள்ளே புகுந்தால், அது பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் குட்டியின் மேல்தான் பாய்கிறது. பலவீனனுக்குப் பரிந்து வருவது நாய்க்குட்டிகளின் வழக்கமில்லை. தடியன் தொடங்கிய துரத்தலில் இன்னும் இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டால், அது கும்பல் ஆகிறது. மனிதர் குறுக்கிடத் தயங்கவே கூடாத இடம் அது.

வாலாட்டுவதை நம்பி ஏமாறுவதும் உண்டு. இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 2007-இல் நடந்த சோதனையில், வளர்ப்பவரைப் பார்த்த நாய்களின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, ஆதிக்கமான ஒரு பெரிய நாயைப் பார்த்தபோதோ இடப்பக்கம் சாய்ந்தது. கனடாவின் விக்டோரியாவில் வேறு ஒரு வேடிக்கை செய்தார்கள். நாய் உருவப் பொம்மை ஒன்றுக்கு ஒருமுறை நீள வாலும் இன்னொருமுறை குட்டை வாலும் மாட்டி, தூரத்திலிருந்து இயக்கி ஆட்டினார்கள். நீள வால் ஆடும்போது பெரிய நாய்கள் தயக்கமின்றி நெருங்கின. அசையாமல் விறைத்து நின்றால் தயங்கின. குட்டை வாலில் இந்த வித்தியாசம் காணாமல் போனது. வாலை நறுக்கிவிட்ட நாயின் மனநிலையை மற்ற நாய்களாலேயே சரியாகப் படிக்க முடியவில்லை என்றால், இளையவள் என்ன செய்வாள்?

இத்தனை நுட்பமான மொழி பேசும் பிராணிகளை நாம் கொண்டுபோய் விடும் இடம் எப்படிப்பட்டது? அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று சொல்லப்படுவது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-இல் வந்த ஓலோனி பூங்கா. அந்த மாதிரிதான் பிறகு உலகெங்கும் பரவியது. நான்கு பக்கம் வேலி, இரட்டைக் கதவு, உள்ளே சங்கிலி கிடையாது. நாய்க்கு ஓட இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அறிமுகமில்லாத நாயைக் கண்டால் சுதந்திரமாகத் திரியும் நாய் முதலில் செய்வது தூரத்தைக் கூட்டுவது. வேலி அதைத்தான் பறித்துக்கொள்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரிலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தார் இதை அளந்தே பார்த்தார்கள். 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வில், சாதாரண நடையைவிடப் பூங்காவில் இருக்கும்போது நாய்களின் எச்சிலில் கார்ட்டிசால் கூடியிருந்தது. பூங்காவுக்கு எப்போதாவது வரும் நாய்களிடம் அது இன்னும் அதிகம். முதுகைக் குறுக்கி நின்ற நாய்களிடமும் அப்படியே. கார்ட்டிசால் கூடினாலே துன்பம் என்று முடிவுகட்டக் கூடாது. உற்சாகத்திலும் அது கூடும். ஆனால் குறுகிய முதுகோடு சேர்ந்து கூடினால் அதற்கு அர்த்தம் வேறு. அதே குழுவினர் 2018-இல் இன்னோர் ஆய்வு வெளியிட்டார்கள். 69 நாய்களை, கதவைத் தாண்டிய நொடியிலிருந்து 400 விநாடிகள் விடாமல் கவனித்திருந்தார்கள். மற்ற நாய்களோடு கழித்த நேரம் தொடக்கத்தில் அதிகம். முதல் ஆறு நிமிடங்களுக்குள் அது சரிந்து, நாய்கள் தனியே சுற்றும் நேரம் கூடிவிட்டது. நெரிசல் முழுவதும் வாசலில்தான், முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசல் போல.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது. வாசலில் நாலைந்து நாய்கள் மொய்த்துக்கொண்டிருந்தால் உள்ளே போகவேண்டாம். வேலிக்கு வெளியே தள்ளி நின்று, யார் யார் இருக்கிறார்கள், தடியன் ரகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் நுழையலாம். இரட்டைக் கதவுக்கு நடுவிலேயே சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போனதும் நின்று அரட்டையடிக்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடக்கிற மனிதரோடு நாயும் நடக்கும், சுற்றி வளைப்பது கஷ்டம்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஆண்டுக்கணக்காகச் செய்து 1965-இல் நூலாக்கிய ஆராய்ச்சி, குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் முக்கியக் காலம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் என்று காட்டியது. அதைப் படித்த பலர், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பிறகு எட்டு, ஒன்பது மாதத்தில், அதுவரை எல்லோரோடும் குழைந்த குட்டி திடீரென்று உறுமத் தொடங்கும்போது திகைக்கிறார்கள். நாய்க்கும் விடலைப் பருவம் உண்டு. நியூகாசல் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழு வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்கென வளர்க்கப்பட்ட 69 நாய்களை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் சோதித்தது. 8 மாதத்தில், ‘உட்கார்’ என்று வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்திருந்தது. அதே சொல்லை முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன! 2020-இல் வெளியான இந்த முடிவைப் படித்து, வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். இது கடந்துபோகிற கட்டம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் கூப்பிட்டால் வருவாள் என்று முழுசாக நம்ப முடியாத மாதங்களும் இவைதான். இந்த மாதங்களில் தடியனிடம் அடிக்கடி மாட்டவிட்டால், ‘பெரிய நாய் என்றால் முதலில் நான் பாயணும்’ என்று அவள் கற்றுக்கொள்வாள்.

சங்கிலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக் குடியரசின் பிர்னோ நகரில் பெட்ர் ரெசாச் குழுவினர் நடைக்கு வந்த நாய்கள் சந்தித்துக்கொள்வதைக் கவனித்து 2011-இல் எழுதினார்கள். சங்கிலியில் இருந்த நாய்களிடையே மிரட்டல் இரண்டு மடங்கு அதிகம். பூங்கா அதிகம் இல்லாத நம் ஊருக்கு இதுதான் பொருந்துகிற சேதி. சென்னையிலோ மதுரையிலோ காலை நடையில், நம் நாய் சங்கிலியில், தெருமுனை நாய்கள் சுதந்திரமாக. தெருக்காரன் நேரே வரும்போது நம்மவர்கள் செய்வது சங்கிலியைக் குட்டையாக இழுத்துப் பிடிப்பது. முகத்தைத் திருப்பவும் விலகவும் நாய்க்கு இருந்த இரண்டு வழியும் அதோடு அடைபடுகின்றன, மிச்சம் உறுமல்தான். சங்கிலியைத் தளர்வாக விட்டு, தெருவின் மறுபக்கம் வளைந்து போவது நல்லது. அந்த வளைவையே தெருநாய் ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்ளும்.

சரி, தடியன் வந்துவிட்டான். என்ன செய்வது?

தலையைத் திருப்பிய அந்த முதல் படியிலேயே செயல்பட வேண்டும், உறுமலுக்காகக் காத்திருக்கக் கூடாது. பயிற்சியாளர்கள் பலர் முதல் மோப்பத்துக்கு மூன்று விநாடிதான் கொடுப்பார்கள். அதற்குமேல் இழுத்தால் உற்சாகமான குரலில் கூப்பிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கூப்பிட்டும் வர முடியாதபடி அவன் மறித்தால், மனிதர் இரண்டு நாய்களுக்கும் நடுவில் போய் நிமிர்ந்து நிற்க வேண்டும். கத்த வேண்டாம், கையை வீச வேண்டாம். உடம்பால் வழியை மறித்தால் போதும், பெரும்பாலான தடியன்கள் திசைமாறிப் போய்விடுவார்கள். கால்களுக்குப் பின்னால் ஒளிய வந்த நாயை ‘போ, விளையாடு’ என்று முன்னால் தள்ளுவது பூங்காக்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அவள் தேடிவந்த ஒரே பாதுகாப்பான இடமும் அத்தோடு போச்சு.

விளையாட்டா வம்பா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. தடியனை அவன் சொந்தக்காரர் கழுத்துப்பட்டையில் பிடித்து நிறுத்தட்டும். இளையவள் உடம்பை உதறிக்கொண்டு திரும்பவும் அவனிடமே ஓடிவந்தால் அவளுக்குப் பிடித்திருக்கிறது, விட்டுவிடலாம். வேலி ஓரமாகப் போனால் கூட்டிக்கொண்டு கிளம்பலாம். பலமுறை நம் கணிப்பு தவறாகவே இருக்கும். அடிபடுகிறாள் என்று நாம் பதறியவள் துள்ளிக்கொண்டு திரும்பிப் போவாள்.

உறுமிவிட்டாள் என்றால்? தொடாமல் காற்றில் கடித்து, அவன் விலகியதும் தானும் நிறுத்திக்கொண்டாள் என்றால், அது அளவான பேச்சு, வெட்கப்பட ஒன்றுமில்லை. அதட்டுவதும் அடிப்பதும் கெடுதல். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நடத்தைப் பிரச்சினையோடு வந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம் மெகன் ஹெரன் குழுவினர் கேட்டு 2009-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரும், மல்லாத்தி அழுத்திப் பிடித்தவர்களில் 31 விழுக்காட்டினரும், பதிலுக்கு நாய் சீறியதைப் பார்த்திருந்தார்கள். உறுமலை அடக்குவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். துரத்தி விரட்டுகிறாள், விடாமல் தாக்குகிறாள், ரத்தக் காயம் வருகிறது என்றால் அது வேறு விஷயம், நடத்தை தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். நேற்றுவரை சாதுவாக இருந்தவள் திடீரென்று மாறினாலும் முதலில் மருத்துவர்தான். காதுப் புண்ணோ இடுப்பு மூட்டு வலியோ இருக்கும் நாய்க்கு, முதுகில் விழும் ஒரு கால் போதும்.

ஏற்கெனவே பயந்துபோன நாயைத் தேற்றும் வழி நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். பூங்கா வேலிக்கு வெளியே செய்ய வேண்டியதும் அதுதான். இளையவள் மற்ற நாய்களைப் பார்க்கிறாள், ஆனால் விறைக்கவில்லை: அந்தத் தூரம் முப்பதடியோ நூறடியோ, அங்கே நிற்க வேண்டும். ஒரு நாய் கண்ணில் பட்டதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. நாய் மறைந்ததும் கோழியும் நிற்கும். வரிசை முக்கியம். முதலில் நாய், பிறகு கோழி. மாற்றிச் செய்தால், கோழி வந்தாலே பின்னால் தடியன் வரப்போகிறான் என்று பயப்படத் தொடங்குவாள். அமெரிக்கப் பயிற்சியாளர் லெஸ்லி மெக்டெவிட் இதையே ஒரு விளையாட்டாக்கினார். நாயைப் பார், திரும்பி என்னைப் பார், பரிசை வாங்கிக்கொள். சில வாரங்களில் தூரத்து நாயைக் கண்டதும் தானாகவே திரும்பிப் பார்க்கிற நாய், கூப்பிடாமலே வரப் பழகிய நாய். கோழி வாங்க மறுத்தால் பசியில்லை என்று நினைக்கக் கூடாது, நிற்கிற தூரம் போதவில்லை என்று பொருள். இதை வேலிக்கு உள்ளே செய்யவும் கூடாது, தின்பண்டத்துக்கே சண்டை வரும்.

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அறிமுகமில்லாதவர்களோடு உருண்டு புரள்வதில் ஆசையே குறைந்துவிடுகிறது. அதைக் குறையாக நினைத்து வாராவாரம் பூங்காவுக்கு இழுத்துப் போகத் தேவையில்லை. எலிசபெத்தா பலாகியும் கூட்டாளிகளும் சிசிலித் தீவின் பலெர்மோ நகரப் பூங்கா ஒன்றில் நாய்களைப் படமெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு நாய் வணக்கம் வைத்தாலோ வாயைத் தளர்வாகத் திறந்தாலோ மற்றதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதையே செய்கிறது. அப்படி எதிரொலிக்கும் ஜோடிகளின் விளையாட்டு அதிக நேரம் நீடிக்கிறது. பழகிய நாய்களுக்குள் இது அடிக்கடி நடக்கிறது, புதியவர்களுக்குள் குறைவு. இளையவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தைவிட, வாரநாளில் பகல் பதினொரு மணிக்கு, முன்பே பழகிய ஒரே ஒரு நாயோடு அரைமணி நேரம் கிடைத்தால் போதும்.